ஆய்வகமும் ஓப்பன் மைக்கும்: வாரத்துக்கு எத்தனை மேடை, எந்த விதி, எதைச் சொல்லலாம்?

கேள்வி: அகர்தட்டு

சென்னையில் மத்திய அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றில் நிரந்தர விஞ்ஞானிப் பணி. புரோட்டீன் எக்ஸ்பிரஷன் (பாக்டீரியாவைப் புரதம் செய்யவைப்பது), வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தைக் கண்டறிவது), செல் கல்ச்சர் (செல்களை வளர்ப்பது) மூன்றும் அன்றாட வேலை. தமிழ் ஸ்டாண்டப்பில் 7 நிமிடம் கையில் இருக்கிறது. ஒரு வருடத்தில் அதை 20 நிமிடம் ஆக்க வேண்டும். இரண்டையும் விடுவதாக இல்லை.

தெரிய வேண்டியவை: மாலை 7 மணி மேடைக்கு ஏற்றபடி பெஞ்ச் வேலையை (ஆய்வக மேசையில் கையால் செய்வதை) எப்படி அடுக்குவது? நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டுமா, டிக்கெட் பணத்தில் பங்கு தந்தால் வாங்கலாமா? அறிவியல் ஜோக் என்றாலே விளக்கம் நீண்டு சிரிப்பு செத்துப்போகிறது, இதற்கு என்ன வழி? ஆய்வகத்து விஷயங்களில் எதை மேடையில் தொடவே கூடாது? "நேரத்தைச் சரியாக நிர்வகியுங்கள்" என்ற அளவில் நிற்காமல், மணிக்கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: இன்குபேட்டர்37

பெஞ்ச் வேலையை மட்டும் நான் எடுத்துக்கிறேன்.

ஓப்பன் மைக் (பேர் கொடுத்து யாரும் ஏறிப் பேசுற மேடை) பெரும்பாலும் 7, 7:30-க்குத் தொடங்கும். டிராஃபிக்கையும் சேர்த்தா 6 மணிக்குக் கிளம்பியாகணும். அதனால 5:30-க்கு மேல கையில பைபெட் இருக்கக் கூடாது. இதை முதல்ல குறிச்சுக்கிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்க.

வெஸ்டர்ன் பிளாட்: ஜெல் 110 வோல்ட்ல ஒன்றரை மணி நேரம். ஜெல்லையும் மெம்பிரேனையும் சாண்ட்விச் மாதிரி அடுக்கிக் கட்ட 20 நிமிஷம். புரதம் ஜெல்லுல இருந்து மெம்பிரேனுக்கு மாறுற ஈர டிரான்ஸ்ஃபர் 100 வோல்ட்ல ஒரு மணி நேரம். பான்சோ சாயம் போட்டுப் பாத்து கழுவ 15 நிமிஷம். 5 சதவீதப் பால் பவுடர்ல பிளாக்கிங் (ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம தடுக்கிறது) ஒரு மணி நேரம். மொத்தம் நாலு மணி நேரம் 5 நிமிஷம். மதியம் 1 மணிக்கு சாம்பிள் லோட் பண்ணினா, 5:15-க்கு மெம்பிரேன் பிரைமரி ஆன்டிபாடியில இறங்கி 4 டிகிரி குளிர் அறையில ஆடிக்கிட்டிருக்கும். காலையில வந்து கழுவினாப் போதும்.

லோடிங் 2:30 ஆகிட்டா பிளாக்கிங் 6:35-க்குத்தான் முடியும். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க: பிளாக்கிங்கை 20 நிமிஷமாக் குறைச்சுட்டு ஓடுவாங்க, மறுநாள் மெம்பிரேன் முழுக்கக் கறுப்பா நிக்கும். அதுக்குப் பதிலா ராத்திரி முழுக்க பிளாக்கிங்லயே 4 டிகிரியில விட்டுட்டு, காலையில பிரைமரி போடுங்க. அரை நாள் தள்ளிப்போகும், பிளாட் பிழைச்சுக்கும். வெள்ளிக்கிழமை ஷோன்னா பிரைமரியில போட்டுட்டு திங்கள் வரைக்கும் விடாதீங்க. டிரான்ஸ்ஃபர் முடிஞ்ச மெம்பிரேனை டிபிஎஸ் பஃபர்ல 4 டிகிரியில வெச்சுட்டுப் போங்க.

ஈ. கோலை பாக்டீரியாவுல எக்ஸ்பிரஷன்: முதல் நாள் மாலை சின்ன அளவுல ஸ்டார்ட்டர் கல்ச்சர். மேடை நாள் அன்னிக்கு மதியம் 1:15-க்கு 1:100 கணக்குல பெரிய ஃபிளாஸ்க்ல விட்டா, ஓ.டி. (வளர்ச்சியைக் காட்டுற கலங்கல் அளவு) 0.6 வர்றதுக்கு ரெண்டரை, மூணு மணி நேரம். 20 நிமிஷம் குளிர விட்டு 4:45-க்கு, புரத உற்பத்தியைத் தூண்டுற ஐபிடிஜி. 18 டிகிரியில 16 மணி நேரம். காலை 8:45-க்கு அறுவடை. குளிர விடாம 37 டிகிரி சூட்டோட ஐபிடிஜி போட்டுட்டு ஓடினா புரோட்டீன் நிறைய வரும், ஆனா கரையாம இன்க்ளூஷன் பாடியா அடியில உக்காந்துக்க வாய்ப்பு அதிகம்.

டைம் கோர்ஸ் (குறிச்ச மணிகள்ல சாம்பிள் எடுக்கிறது): 0, 2, 4, 8, 24 மணி நேரம்னா காலை 9-க்கே தொடங்கணும். 8 மணி நேரப் புள்ளி மாலை 5-க்கு விழும், 24 மறுநாள் 9-க்கு. 11:30-க்குத் தொடங்கினா அந்த 8-வது மணி சரியா 7:30-க்கு, உங்க பேரைக் கூப்பிடுற நேரத்துல வரும். "7 மணி நேரத்துல எடுத்தா என்ன ஆகிடும்"னு எடுத்துட்டு நோட்டுல 8-ன்னு எழுதுற நிலைமைக்கு யாரும் போகக் கூடாது. மேடையை விடலாம், தரவுல கை வைக்க முடியாது.

செல் பாசேஜ் (வளர்ந்த செல்களைப் பிரிச்சுப் புதுத் தட்டுக்கு மாத்துறது) திங்கள், வியாழன் காலையில. ரிஃப்ளக்ஸ் (கரைப்பானைக் கொதிக்க வைக்கிறது), கரைப்பான் வடிக்கிறது, ஆட்டோகிளேவ், இதெல்லாம் ஆளில்லாம ஓடவே கூடாது, மேடை நாள்ல தொடாதீங்க. கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் மாதிரி பொதுக் கருவிகள்ல மாலை ஸ்லாட் எப்பவும் காலியா இருக்கும், அதை நம்பிப் பழகியிருப்பீங்க. இனிமே முன்பதிவு திறந்த உடனே காலை ஸ்லாட்டைப் பிடிச்சாத்தான் உண்டு.

வாரத்துக்கு ரெண்டு மாலை. மூணு வேண்டாம். ஷோ முடிஞ்சு வீடு வர 10:30 ஆகும், உடனே தூக்கம் வராது. மறுநாள் காலை 96 குழி க்யூபிசிஆர் (டிஎன்ஏவை அளக்குற சோதனை) பிளேட் வெச்சுக்காதீங்க. ஒரே சாம்பிளைப் போட்ட மூணு குழியும் மூணு திசையில போகும். அறுவடை, மெம்பிரேன் கழுவுறது, பர்ச்சேஸ் ஃபைல் இதெல்லாம்தான் அந்தக் காலைக்கு.

பதில் 2: கோப்புக்கட்டு

மத்திய அரசு ஊழியருக்குப் பொருந்துவது 1964-ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள். தன்னாட்சி நிறுவனங்கள் பலவும் இதையே தங்கள் ஊழியர்களுக்கும் பின்பற்றுகின்றன. உங்கள் நியமன ஆணையில் எந்த விதி பொருந்தும் என்று எழுதியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். மாநில அரசு ஊழியர் என்றால் 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், அது வேறு.

விதி 15(2): இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த பணியை "எப்போதாவது" செய்வதற்கு முன் அனுமதி தேவையில்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். விதி 15(4): தனியாருக்கோ பொது அமைப்புக்கோ செய்த வேலைக்குக் கட்டணம் வாங்க, உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆக, சம்பளமில்லாமல் மேடையேறுவது ஒன்று, பணம் வாங்குவது முற்றிலும் வேறொன்று. டிக்கெட் பங்கு, கவரில் வைத்துத் தரும் ஆயிரம் ரூபாய், யூட்யூப் விளம்பர வருமானம் எல்லாம் இரண்டாவது வகைதான். யூட்யூப் வருமானம் மாதாமாதம் வருவது. "எப்போதாவது" என்ற சொல்லுக்குள் அதை அடக்கிவிட முடியாது. அனுமதி கிடைத்தாலும், அடிப்படை விதிகளோடு சேர்ந்த துணை விதிகளில் 12-ஆம் விதிப்படி குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கை அரசுக்குச் செலுத்த வேண்டி வரலாம். கணக்குப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு மேடை என்பது "எப்போதாவது" ஆகுமா என்று யாராவது கேட்டால், வாய்ப்பேச்சில் பதில் சொல்ல முடியாது. அனுமதி தேவையில்லாத கட்டத்திலேயே ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. துறைத் தலைவர் வழியாக நிர்வாக அலுவலருக்கு, ஒரே பக்கம். அதில் இருக்க வேண்டியவை: தமிழ் நகைச்சுவை மேடை நிகழ்ச்சி (ஸ்டாண்டப்), வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு முறை, அலுவலக நேரத்துக்குப் பிறகு, கட்டணமின்றி, நிறுவனப் பெயரும் பதவியும் பயன்படுத்தப்படாது, அலுவல் பணி பாதிக்கப்படாது. தபால் பிரிவில் டைரி எண் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் தெரிவித்தது பதிவில் நிற்கும். முதல் கட்டண நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் முன்பே 15(4)-க்குத் தனிக் கடிதம். அதற்குப் பதில் வராமல் பணம் வாங்காதீர்கள்.

நிர்வாகத்தில் இதை விநோதமாகப் பார்ப்பார்கள் என்று தயங்க வேண்டாம். அலுவலகம் விட்டதும் ஆறு மணிக்கு ஒத்திகைக்கு ஓடிய அமெச்சூர் நாடகக் குழுக்களின் ஊர் இது. கே. பாலசந்தர் சென்னை ஏ.ஜி. (அக்கவுன்டன்ட் ஜெனரல்) அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே நாடகம் எழுதி மேடையேற்றினார். பட்டிமன்றம் சாலமன் பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். மேடையும் சம்பள வேலையும் ஒரே ஆளிடம் இருந்தது தமிழ்நாட்டுக்குப் பழக்கப்பட்ட காட்சி.

விதி 9-ஐயும் படியுங்கள். அரசின் நடப்புக் கொள்கையையோ சமீபத்திய கொள்கையையோ பாதகமாக விமர்சிக்கும் எந்தப் பொதுப் பேச்சும் அதற்குள் வரும். நகைச்சுவைக்கு அதில் விலக்கு கிடையாது.

வரி: அமைப்பாளர் தொழில்முறைக் கட்டணமாகக் காட்டி 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடித்தால் அது உங்கள் வருமான வரிப் பதிவில் ஏறிவிடும். அந்த வருடம் சம்பளக்காரர்களுக்கான எளிய ஐடிஆர்-1 படிவம் போட முடியாது.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு: சிஎஸ்ஐஆர் தரும் ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் ஆய்வு உதவித்தொகைகளின் நிபந்தனைகளில், உதவித்தொகைக் காலத்தில் வேறு எங்கிருந்தும் ஊதியம் பெறக் கூடாது என்று உள்ளது. இலவச மேடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதில் 3: மைக்ஸ்டாண்ட்

விளக்கம் நீளுது, சிரிப்பு வரலைங்கிறதுக்கு வர்றேன். அறிவியல் கஷ்டமா இருக்கிறது அதுல பாதிக் காரணம்தான். இன்னொரு பாதி தமிழ் வாக்கிய அமைப்பு. அதைப் பத்தி யாரும் பேசுறதில்ல.

தமிழ்ல வினைச்சொல் கடைசியில வரும். சிரிப்பு வரவேண்டிய சொல் பெரும்பாலும் பெயர்ச்சொல்லா இருக்கும், அது வாக்கியத்தோட நடுவுலயே மாட்டிக்கும். ஆளுங்க அங்கேயே புரிஞ்சுக்கிட்டு, நீங்க வினைச்சொல்லை முடிக்கிற வரைக்கும் மரியாதையாக் காத்திருப்பாங்க. அந்த அரை நொடியில சிரிப்பு ஆறிடும்.

ஒரு ஜோக்கை எடுத்துப் பிரிச்சுப் பாப்போம். முதல் வடிவம்:

"பிசிஆர்னு ஒரு மெஷின் இருக்கு. பாலிமரேஸ் செயின் ரியாக்‌ஷன். அதாவது, டிஎன்ஏவை 95 டிகிரியில பிரிச்சு, பிரைமரை ஒட்டவெச்சு, 72 டிகிரியில நீட்டுவாங்க. ஒவ்வொரு சைக்கிளுக்கும் ரெட்டிப்பாகி 30 சைக்கிள்ல நூறு கோடி காப்பி ஆகிடும். எங்க பெரியம்மாகிட்ட ஒரு ரகசியம் சொன்னாலும் இப்படித்தான் பரவும்."

இந்த ஜோக்குக்குத் தேவையான அறிவியல் ஒண்ணே ஒண்ணு: ரெட்டிப்பாகும். 95 டிகிரி, பிரைமர், முழுப் பேர் மூணும் வெளியே. மெஷினுக்கு அறிமுகமும் வேண்டாம், கொரோனாவுல எல்லார் மூக்குலயும் குச்சி விட்டாச்சு. கடைசிச் சொல் "பரவும்". கேக்குறவங்க ஏற்கெனவே கண்டுபிடிச்ச விஷயம் அது. "பெரியம்மா" அஞ்சு சொல் முன்னாடியே போயாச்சு. மாத்தினா:

"கொரோனா டெஸ்ட்டுக்கு ஒரு மெஷின் இருந்துச்சே. உள்ள ஒண்ணு போனா ரெண்டாகும், ரெண்டு நாலாகும், முப்பதாவது ரவுண்டுல நூறு கோடி. மெஷின் விலை பல லட்சம். எங்க வீட்டுல அதே வேலையை ஓசியில பண்றது... பெரியம்மா."

"பெரியம்மா பண்றாங்க" வேற, "பண்றது பெரியம்மா" வேற. இந்த "-றது", "-னது" வடிவம் பெயர்ச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளிக் கொடுக்கும். எழுதி முடிச்சதும் ஒவ்வொரு பஞ்ச் வரிக்கும் இந்தச் சோதனை செய்ங்க. இதுக்கு டேக் (பஞ்சுக்குப் பின்னாடி ஒட்டுற கூடுதல் வரி) ஒண்ணு: "மெஷின்லயாவது உள்ள போனதுதான் வெளிய வரும்." அதோட நிறுத்துங்க. மீதியைக் கூட்டமே முடிச்சுக்கும், அந்த இடைவெளியில பேசினா ரெண்டாவது சிரிப்பு போச்சு.

ரெண்டாவது பழக்கம் "அதாவது". வகுப்பெடுக்கிற நாக்குல தானா வரும், கூடவே குரலும் மாறும். உங்க ரெக்கார்டிங்கைக் கேட்டு 5 நிமிஷத்துல எத்தனை "அதாவது", எத்தனை "பாத்தீங்கன்னா"ன்னு எண்ணுங்க. ஒவ்வொண்ணும் அந்த இடத்துல விளக்கம் நீண்டுடுச்சுன்னு காட்டுற அடையாளம். ஒரு ஜோக்குக்கு ஒரு புதுச் சொல்தான், அதுக்கு 15 நொடிதான்.

இப்போ 20 நிமிஷக் கணக்கு. புதுசா எழுதுற 5 நிமிஷத்துல ஒரு நிமிஷம் நின்னாலே நல்ல விளைச்சல். 5 நிமிஷ ஸ்லாட்டுக்கு 4 நிமிஷம்தான் எழுதணும், மீதி சிரிப்புக்கு. அதுல முதல் 40 நொடி சோதிச்ச பழசு, நடுவுல புதுசு, கடைசி 40 நொடி மறுபடி பழசு. 4 நிமிஷத்துல, நேரம் முடியப்போகுதுன்னு லைட் காட்டுவாங்க. லைட்டைப் பாத்ததும் புது ஜோக்குக்கான செட்டப் எதையும் ஆரம்பிக்காதீங்க, நேரா முடிவுக்கு வாங்க. நேரம் தாண்டினா அடுத்த தடவை லிஸ்ட்ல பேர் இருக்காது.

போன்ல ஒவ்வொரு மேடையையும் ஒலிப்பதிவு பண்ணி, மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்துல ஒரு தாள்ல ஏத்துங்க: தேதி, எத்தனை பேர், எத்தனாவது ஆள், வரி, மதிப்பெண். சத்தமே இல்லன்னா 0, அங்கங்க ரெண்டு பேர்னா 1, பாதி அறைன்னா 2, அடுத்த வரிக்குக் காத்திருக்க வெச்சா 3. ஒரு மேடைக்கும் அடுத்த மேடைக்கும் நடுவுல ஒரே ஒரு மாற்றம்: ஒரு சொல், இல்லைன்னா இடம். ரெண்டையும் சேர்த்து மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது, இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 12 பேர் அறையில 1 வாங்கின வரி 60 பேர் அறையில 3 வாங்கும். நாலு அறையாவது பாக்காம எதையும் தூக்கிப் போடாதீங்க.

இன்குபேட்டர்37 சொன்ன ரெண்டு மாலைக் கணக்கு சரி. ஆனா செவ்வாய், வெள்ளின்னு தள்ளி வைக்காதீங்க, அடுத்தடுத்த நாள் வாங்குங்க. முதல் நாள் எங்க தடுக்குச்சுன்னு காது மறக்குறதுக்குள்ள திருத்தி மறுநாள் சொல்லணும். சனி, ஞாயிறு பெரும்பாலும் டிக்கெட் ஷோ, புதுசைச் சோதிக்கிற இடம் அது இல்ல.

மைக்கை உதட்டுல இருந்து ரெண்டு மூணு விரல் தூரத்துல பிடிங்க, ஸ்டாண்டை எடுத்து முதுகுக்குப் பின்னாடி வைங்க. ஸ்லைடு வேண்டாம், ஓப்பன் மைக்ல புரொஜெக்டர் இருக்காது. இருந்தாலும் நீங்க திரையைப் பாத்துத் திரும்பிடுவீங்க.

பதில் 4: குளிரறைச்சாவி

மேடையில் தொடக் கூடாதவை.

வெளிவராத ஆய்வு முடிவு முதல் இடம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முன் பொதுவில் சொல்லிவிட்டால் புதுமை போய்விடும். பிரிவு 31-இல் 12 மாதச் சலுகை உண்டு, ஆனால் அது அறிவிக்கப்பட்ட கண்காட்சி, கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்றவற்றுக்குத்தான். காபி கடையின் மாடியில் 25 பேர் முன் சொன்னதற்குப் பொருந்தாது. "யாருக்குப் புரியப்போகிறது" என்று நினைக்கலாம். அறையில் ஒருவர் போனில் பதிவு செய்தால் போதும், தேதியோடு ஆதாரம் ஆகிவிடும்.

ஆய்விதழுக்காக நீங்கள் ரிவ்யூ செய்யும் கட்டுரையைப் பற்றிய எதுவும் கூடாது, அது ரகசியக் காப்புக்கு உட்பட்டது. நோயாளி மாதிரிகள் கையாண்டால் பெயரில்லாமலும் வேண்டாம். விலங்கு ஆய்வு பற்றி எழுதுவதானால், அந்த விலங்கின் வலி சிரிப்புக்குக் காரணமாக இருக்கக் கூடாது. நெறிமுறைக் குழுவின் படிவம், கூண்டு அறை வாசனை, எலி விரலைக் கடித்தது என்று சுற்றி எவ்வளவோ இருக்கிறது.

சக ஊழியர்கள் விஷயத்தில் ஊரையும் பாலினத்தையும் மாற்றினால் போதும் என்கிறார்கள். ஆறு பேர் உள்ள லேபில் எப்படி மாற்றினாலும் ஆள் தெரிந்துவிடும். அதுவும் உங்கள் கீழ் வேலை செய்யும் மாணவர்களைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், அவர்களால் பதில் சொல்ல முடியாது. ஜோக்கைக் கருவி மேலோ நடைமுறை மேலோ திருப்புங்கள். கதவு உறைந்துபோன மைனஸ் 80 ஃப்ரீசர், மூன்று கொட்டேஷன் இல்லாமல் நகராத கோப்பு, டேப்பில் எழுதி அழிந்துபோன தேதி. இவை எல்லா அலுவலகத்துக்கும் பொது, ஆய்வகம் தெரியாதவரும் சிரிப்பார்.

ஆய்வாளர்களையே மேடையேற்றும் வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 2009-இல் தொடங்கிய பிரைட் கிளப்பில் ஆய்வாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆளுக்கு ஏறத்தாழ 8 நிமிடம் தங்கள் ஆய்வைப் பற்றியே நகைச்சுவையாகப் பேசவைத்தார்கள். உங்கள் நிறுவனத்தில் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்துக்கு எப்படியும் நிகழ்ச்சி இருக்கும். அதில் 8 நிமிடம் கேட்டு வாங்குங்கள். அது அலுவல் சார்ந்த மேடை, அனுமதிக் கேள்வியும் எழாது. ஒரே எச்சரிக்கை: அங்கே வாங்கிய சிரிப்பை மதிப்பெண் தாளில் ஏற்றாதீர்கள். பைபெட் என்ற சொல்லுக்கே அந்த அறை சிரிக்கும்.

அகர்தட்டு

நால்வருக்கும் நன்றி. 1 மணி லோடிங்கை நாளையே வைத்துப் பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். அடுத்தடுத்த நாள் மேடை என்றால் நடுவில் வரும் காலையில் பாசேஜ் விழுகிறது, அதற்கு என்ன செய்வது? கிளிப் போடும்போது எதைக் கவனிப்பது?

இன்குபேட்டர்37

புதன், வியாழன் மேடைன்னா பாசேஜை செவ்வாய், வெள்ளிக்கு மாத்திடுங்க. வெள்ளி காலை கொஞ்சம் தாமதமா, 11 மணிக்கு மேல பண்ணுங்க. வார இறுதிக்குச் சேர்த்து வழக்கத்தைவிடக் குறைவா விதைங்க. வேகமா வளர்ற ஹெலா மாதிரி செல்னா 1:4-க்குப் பதிலா 1:8. திங்கள் காலை மீடியம் மஞ்சளாகாம இருந்தா அளவு சரின்னு அர்த்தம்.

மைக்ஸ்டாண்ட்

கிளிப்புக்கு: நல்லா வேலை செய்ற ஜோக்கை அவசரப்பட்டு இணையத்துல விடாதீங்க. விட்டா ஓப்பன் மைக்ல அது செத்துடும், பாதிப் பேர் பாத்திருப்பாங்க. க்ரவுட் வொர்க்ல (பார்வையாளர்கிட்ட நேரா பேசுறப்ப) பேசின ஆளோட முகமோ குரலோ வந்தா அவங்ககிட்ட சம்மதம் கேட்டுட்டுப் போடுங்க. கழுத்துல ஐடி கார்டு கயிறு தொங்குதான்னு ஒரு தடவை பாருங்க, ஆபீஸ்ல இருந்து நேரா வர்ற நாள்ல இது நடக்கும்.

முக்கியமானது வெட்டு. வேற ஒரு ஆள் குரல்ல சொல்ற வரியை யாராவது தனியா வெட்டிப் போட்டா, அதை விஞ்ஞானியே சொன்ன மாதிரி பரவும். "எங்க மாமா இருக்காரே, அவர் சொல்றாரு: தடுப்பூசியே வேஸ்ட்டு!" இதுல ரெண்டாவது பாதியை மட்டும் வெட்டுறது ரொம்ப சுலபம். அதையே "தடுப்பூசியே வேஸ்ட்டுங்கிறாரு மாமா"ன்னு ஒரே மூச்சுல எழுதுங்க. "ங்கிறாரு" சொல்லோடவே ஒட்டிக்கிட்டு நிக்கும், எங்க வெட்டினாலும் மாமாவும் கூடவே வருவார். பெயர்ச்சொல்லும் கடைசிக்கு வந்துடுச்சு பாருங்க.